முதல்ல அந்தத் துண்டை எடு

எனக்குப் பிரசவமான பிறகு பூண்டு உரிக்க மட்டும் வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். ஒரு நாள் பூண்டுக் குழம்பு, ஒரு நாள் பால் சுறாப் புட்டு, ஒரு நாள் கருவாடு. பால் ஊறுவதற்கு அத்தனை ஏற்பாடு. ஊறிய பாலைக் குழந்தை எப்படிக் குடிக்கும் என்று யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதெல்லாம் தானாக வந்துவிடும் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும்தான்.

நான்காம் நாள் இரண்டு காம்பிலும் தோல் உரிந்திருந்தது. ஆறாம் நாள் இடது காம்பின் அடியில் குறுக்காக ஒரு வெடிப்பு, பித்தவெடிப்பு மாதிரி, உள்ளே சிவப்பு தெரிந்தது. மகள் அழ ஆரம்பித்தால் எனக்குப் பால் சுரப்பதற்கு முன்னால் கண்ணீர் சுரந்தது. அவள் வாய் வைக்கும்போது கட்டில் சட்டத்தைக் கால் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு பல்லைக் கடிப்பேன். பல்லே இல்லாத வாய்க்கு இவ்வளவு வலுவா என்று ஆச்சரியமாக இருக்கும். அம்மா "மொதல்ல எல்லாருக்கும் அப்படித்தாம்மா, போகப் போகப் பழகிரும்" என்றார். அம்மாச்சி இன்னும் ஒரு படி மேலே போய், "புள்ளை பெத்த வலியவே தாங்கிட்ட, இது என்னத்தா" என்றது. நான் பெற்றது ஆப்பரேஷனில். அந்த வலியைக்கூட முழுசாகத் தாங்கவில்லை என்று ஒரு குற்ற உணர்ச்சி வேறு சேர்ந்துகொண்டது.

ஆப்பரேஷன் என்பதைச் சும்மா சொல்லவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100க்கு 45 பிரசவம் ஆப்பரேஷன்தான். வயிற்றில் தையலோடு நிமிர்ந்து உட்கார முடியாது. குழந்தையை மடியில் வைத்தால் தையலில் உதைக்கும். அதனால் அரைகுறையாகச் சாய்ந்துகொண்டு, குழந்தை மல்லாந்தபடி கிடக்க, அதன் கழுத்தை மட்டும் என் பக்கம் திருப்பிப் பால் கொடுத்தேன். நீங்களே தலையைத் தோள் பக்கம் முழுசாகத் திருப்பி வைத்துக்கொண்டு ஒரு வாய் தண்ணீர் விழுங்கிப் பாருங்கள். குழந்தை வாயைப் பாதி திறந்து காம்பு நுனியை மட்டும் கவ்வியதில் ஆச்சரியமே இல்லை. ஆனால் இது எனக்கு அப்போது தெரியாது.

இரண்டாம் நாள் ராத்திரி மருத்துவமனையில் குழந்தை விடாமல் அழ, டியூட்டியில் இருந்த நர்ஸ் பவுடர் பாலைக் கரைத்துப் பாட்டிலில் கொடுத்துவிட்டார். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. பால் பவுடருக்கும் பாட்டிலுக்கும் விளம்பரமே செய்யக்கூடாது என்று 1992இலேயே நம் நாட்டில் சட்டம் போட்டிருக்கிறார்கள் என்பதைப் பிற்பாடு படித்தேன். பாட்டில் ரப்பரை வாயைப் பெரிதாகத் திறக்காமலே சப்பலாம், பாலும் தானாக வடியும். மறுநாள் காலை என் மகள் என்னிடமும் அதே சின்ன வாயோடு வந்தாள்.

வலது காம்பு எனக்குக் கொஞ்சம் தட்டை. அதற்கு மட்டும் அங்கே ஒரு அக்கா நல்ல வைத்தியம் செய்தார். 10 மில்லி சிரிஞ்சை எடுத்து ஊசி மாட்டும் முனையை வெட்டிவிட்டு, தண்டை வெட்டிய பக்கமாகத் திருப்பிச் சொருகி, வழவழப்பான வாய் மார்பில் படும்படி வைத்து மெல்ல இழுத்தார். காம்பு வெளியே வந்தது. அரை நிமிஷம் பிடித்து, விட்டு, உடனே குழந்தையைச் சேர்த்தார். கர்நாடகத்துத் தாவணகெரே மருத்துவர்கள் 1993இல் எழுதி வெளியிட்ட முறை அது. பத்து ரூபாய்ச் சமாச்சாரம். மெல்ல இழுக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். நான் வீட்டுக்கு வந்து ஆர்வக்கோளாறில் வெடுக்கென்று இழுத்து அதற்கும் ஒரு புண் சம்பாதித்தேன்.

வீடு என்றால் திருமங்கலம் பக்கத்தில் அம்மா வீடு. குழந்தை பார்க்க வருகிறவர்கள் காலை ஏழு மணிக்கே வந்துவிடுவார்கள். பால் கொடுக்கும்போது அம்மா ஒரு பெரிய துண்டை என் தோளிலிருந்து போட்டுக் குழந்தையையும் சேர்த்து மூடிவிடுவார். கண்ணு பட்டுவிடும் என்பது ஒன்று, வெட்கம் என்பது இன்னொன்று. துண்டுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கே தெரியாது. இருட்டில் சாவித் துவாரத்தைத் தேடுகிற மாதிரி குழந்தை வாயை உத்தேசமாகக் கொண்டுபோய் வைப்பேன். அது எதையோ கவ்வும், எனக்கு உயிர் போகும், வந்தவர்கள் முன்னால் சிரித்துக்கொண்டிருப்பேன்.

அப்புறம் வைத்தியங்கள். ஒவ்வொரு தடவையும் பால் கொடுக்கும் முன் கிருமிநாசினி சொட்டு விட்ட வெந்நீரால் காம்பைத் துடைத்தார் அம்மா. குளிக்கும்போது சோப்புப் போட்டு நன்றாகத் தேய்க்கச் சொன்னார். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் சின்னச் சின்னப் புள்ளி மாதிரி மேடுகள் இருக்கிறதே, அவை எண்ணெய்ச் சுரப்பிகள். அந்தத் தோலுக்கு வேண்டிய எண்ணெயை அவையே கசியவிடும். அதைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவித் தோலைக் காயவைத்தோம். மஞ்சள் பூசியதில் எரிச்சல் இன்னும் கூடியது. அம்மாச்சி விளக்கெண்ணெய் தடவச் சொன்னது. அது பேதிக்குக் கொடுக்கிற எண்ணெயாச்சே, அப்படியே குழந்தை வயிற்றுக்குப் போகுமே என்று எனக்குத் தோன்றியதால் அதை மட்டும் தப்பித்தேன்.

ஆறாம் நாள் சாயங்காலம் குழந்தை கக்கியதில் ரத்தம். சிவப்பு நூல் மாதிரி நாலைந்து இழை. அம்மா அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது. ஆட்டோ பிடித்துத் திருமங்கலத்தில் குழந்தை டாக்டரிடம் ஓடினோம். அவர் குழந்தையைத் தொடுவதற்கு முன்னால் என்னைப் பார்த்து, "உங்களுக்குக் காம்புல புண்ணு இருக்காம்மா?" என்றார். இருக்கிறது என்றேன். "அப்ப அது உங்க ரத்தம். பாலோட குடிச்சிருக்கா. அவளுக்கு ஒண்ணும் ஆகாது, குடுக்கலாம்" என்றார். மலம் கறுப்பாகப் போனாலும் பயப்பட வேண்டாம் என்றார். தாய்க்கு ஹெபடைட்டிஸ் சி என்ற கல்லீரல் தொற்று இருந்து, காம்பில் ரத்தம் வந்தால் மட்டும் ஆறும்வரை அந்தப் பாலைத் தவிர்க்கச் சொல்வார்களாம். எனக்கு அது இல்லை என்று கர்ப்பகாலப் பரிசோதனைத் தாளைப் புரட்டிப் பார்த்தே சொன்னார்.

ஆனால் எடை போட்டபோது அவர் முகம் கொஞ்சம் மாறியது. பிறந்தபோது 2.9 கிலோ, ஆறாம் நாள் 2.66. முதல் சில நாளில் குழந்தைகள் எடை குறைவது வழக்கம்தான், பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. என் மகள் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒன்றுக்குப் போகிறாள் என்று கேட்டார். மூன்று, நான்கு என்றேன். ஐந்து நாள் தாண்டினால் ஆறு தடவையாவது போக வேண்டும் என்றார். குழந்தை நாள் முழுக்க மார்பிலேயே கிடந்ததால் நிறையக் குடிக்கிறாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். வயிறு நிறையாததால்தான் கிடந்திருக்கிறாள். எனக்குப் புண்ணானதும் அவளுக்கு எடை குறைந்ததும் ஒரே காரணத்தால் என்று அந்த நாற்காலியில்தான் முதல் தடவை மனதில் பட்டது. டாக்டருக்கு வெளியே இருபது குழந்தைகள் காத்திருந்தன. "பொசிஷன் சரியா வைங்கம்மா" என்று சொல்லி அனுப்பினார். சரியான பொசிஷன் என்றால் என்ன என்று கேட்க எனக்குக் கூச்சம்.

ஒன்பதாம் நாள் கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வந்தார். பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) சரிபார்க்கவும் குழந்தையை எடை போடவும் வந்தவர். ஐம்பது வயதிருக்கும், ஊரில் எல்லாரும் நர்சம்மா என்பார்கள். தனியார் மருத்துவமனையில் பிரசவம் பார்த்துக்கொண்டவள் என்பதால் என்னைக் கண்டுகொள்ள மாட்டார் என்று நினைத்திருந்தேன். நான் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் கால் விரலைப் பார்த்திருக்கிறார், முகத்தைக்கூட இல்லை. "ஏன் தாயி கால இப்படி இறுக்கி வச்சிருக்க?" என்றார். நான் அழுதுவிட்டேன். அம்மாவையும் பக்கத்து வீட்டு அக்காவையும் "செத்த வெளிய இருங்க" என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். பிறகு சொன்னார், "முதல்ல அந்தத் துண்டை எடு. பாக்காம எப்படிக் குடுப்ப?"

அதற்குப் பிறகு அரை மணி நேரம் நடந்ததை நான் இன்றைக்கும் அப்படியே சொல்வேன்.

குழந்தையை இழுத்து எடுக்கக்கூடாது என்பது முதல் பாடம். நான் வலி தாங்காமல் அவளை வெடுக்கென்று பிரித்துக்கொண்டிருந்தேன். உறிஞ்சிக்கொண்டிருக்கும் வாயிலிருந்து இழுத்தால் இருக்கிற வெடிப்பு இன்னும் கிழியும். சுண்டு விரலைக் கழுவி, குழந்தையின் வாயோரத்தில் ஈறுகளுக்கு நடுவே நுழைத்தால் 'டப்' என்று பிடி விடும். அப்புறம் எடுக்கலாம்.

எடுத்ததும் என் காம்பைப் பார்க்கச் சொன்னார். புது லிப்ஸ்டிக்கின் முனை மாதிரி ஒரு பக்கம் சாய்வாக நசுங்கி, நுனியில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. "குடிச்சு முடிச்சா உருண்டையா, போன மாதிரியே வெளிய வரணும். இப்படிச் சப்பட்டையா வந்தா அது குடிக்கல, கடிக்குது."

பிறகு என்னையே என் நாக்கால் மேலண்ணத்தைத் தடவச் சொன்னார். முன்பக்கம் கெட்டியாக இருந்தது. நாக்கை இன்னும் பின்னால் கொண்டுபோனால் மெத்தென்று ஆகிறது. "காம்பு அந்த மெத்துன எடத்துக்குப் பக்கத்துல போய் இருக்கணும். நீ நுனிய மட்டும் குடுத்தா அது இந்தக் கெட்டியான எடத்துக்கும் நாக்குக்கும் நடுவுல நசுங்கும். அம்மி மேல வச்சு அரைக்கிற மாதிரி." எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு களிம்பும் இதைச் சரிசெய்யாது. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை அம்மியில் வைத்து அரைத்துக்கொண்டே, இடையிடையே மருந்து தடவிக்கொண்டிருந்தேன்.

ஆப்பரேஷன் செய்தவளுக்கு மடி வேண்டாம் என்று, குழந்தையைக் கக்கத்தில் இடுக்கச் சொன்னார். இடுப்பில் குடம் இடுக்குவோமே, அதே மாதிரி. குழந்தையின் கால் என் முதுகுப் பக்கம், முகம் மார்புக்கு நேரே, அடியில் இரண்டு தலையணை. தையலில் உதை விழவில்லை. குழந்தையின் முழு உடம்பும் ஒரே நேர்கோட்டில் என்னைப் பார்த்து இருந்தது, கழுத்து மட்டும் திருகவில்லை. பின்மண்டையைப் பிடித்து அழுத்தக்கூடாது, அழுத்தினால் குழந்தை எதிர்த்துப் பின்னால் தள்ளும். பிடரியையும் தோளையும் தாங்கினால் போதும்.

காம்பை நேராக வாய்க்குக் கொண்டுபோகக்கூடாது. மூக்குக்கு நேரே வைக்க வேண்டும். மேலுதட்டில் லேசாக உரசிவிட்டுக் காத்திருக்க வேண்டும். குழந்தை அதைத் தேடித் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கொட்டாவி விடுகிற அளவுக்கு வாயைத் திறக்கும். அந்த நொடியில் குழந்தையை மார்போடு சேர்க்க வேண்டும். நான் குனியக்கூடாது, அவள்தான் வர வேண்டும். இந்தக் காத்திருப்புதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பாதி வாய் திறந்ததுமே பயத்தில் திணித்துவிடுவேன். மூன்று தடவை திணித்தேன், மூன்று தடவையும் சுண்டு விரல் விட்டு எடுக்க வைத்தார். நான்காம் தடவை கீழ்த்தாடை முதலில் பட்டது, கருவட்டத்தின் கீழ்ப்பக்கம் பெரும்பகுதி உள்ளே போனது, மேலே கொஞ்சம் தெரிந்தது. கீழுதடு வெளியே மடிந்திருந்தது. தாடை மார்பில் அழுந்தியிருந்தது. கன்னம் குழி விழாமல் உப்பலாக இருந்தது.

புண் பட்ட இடத்தில் ஒரு சுரீர், முப்பது எண்ணுவதற்குள் அடங்கியது. அப்புறம் வெறும் இழுப்புதான், வலி இல்லை. 'க்ளக்' என்று விழுங்குகிற சத்தம் கேட்டது. ஒன்பது நாளில் அந்தச் சத்தத்தை அப்போதுதான் முதல் தடவை கேட்டேன்.

அம்மா சொல்லிக்கொடுத்த கத்தரிக்கோல் பிடியையும் நர்சம்மா விடச் சொன்னார். இரண்டு விரலுக்கு நடுவே காம்பை வைத்து, குழந்தை மூக்கு அடைக்காமல் மார்பை அழுத்திப் பிடிப்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த முறை. அப்படி அழுத்தினால் உள்ளே போன காம்பு பாதி வெளியே இழுபடும். கட்டை விரல் மேலே, மற்ற விரல்கள் கீழே, கருவட்டத்திலிருந்து தள்ளிப் பிடித்தால் போதும். தாடை அழுந்தித் தலை பின்னால் சாய்ந்திருந்தால் மூக்குக்குத் தானாக இடம் கிடைக்கும்.

புண் ஆற வேண்டுமே. இடது காம்பு பார்க்கச் சகிக்காமல் இருந்ததால் அதற்கு இரண்டு நாள் ஓய்வு கொடுத்தோம். ஓய்வு என்றால் பாலை அப்படியே விட்டுவிடுவதில்லை, விட்டால் பால் கட்டிக்கொள்ளும். கையால் பீய்ச்சினேன். விரல்களைக் கருவட்டத்தின் ஓரத்தில் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து, விட வேண்டும். தோலில் தேய்த்துக்கொண்டே போகக்கூடாது. பீய்ச்சிய பாலைப் பாட்டிலில் விடாமல் பாலாடையில் கொடுத்தோம். என் அம்மாச்சி எனக்கு மருந்து ஊற்றிய அதே வெள்ளிப் பாலாடை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அம்மாச்சிக்கும் நர்சம்மாவுக்கும் ஒரே கருத்து.

நோவு குறைந்த பக்கம் முதலில் கொடுக்கச் சொன்னார். பசி வேகத்தில் குழந்தை முதலில் பலமாக இழுக்கும், அந்த வேகத்தை நல்ல பக்கம் தாங்கட்டும் என்று. மார்பு கல் மாதிரி கெட்டியாக இருந்தால் கொஞ்சம் பீய்ச்சிவிட்டுக் கருவட்டத்தை இளக்கிக்கொண்டு பிறகு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கிக்கொண்டு நுனிக்குப் போய்விடும். வலி மிஞ்சினால் டாக்டர் எழுதிக்கொடுத்த பாரசிட்டமால் போட்டேன். பால் கொடுக்கிறவள் மாத்திரையே தொடக்கூடாது என்று யாரோ சொல்லி அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது தனிக் கதை.

தடவுவதற்கு, கடைசியில் வருகிற பால் இரண்டு சொட்டு. தடவி, காற்றில் உலரவிட்டு, பருத்தித் துணி. ஈரமான துணியை உடனே மாற்றிவிட வேண்டும். என் கணவர் மதுரையிலிருந்து லானோலின் ட்யூப் ஒன்று வாங்கி வந்தார். அது ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற கொழுப்பு என்று படித்துக் காட்டியதும் அம்மாச்சி, "ஆட்டு மசுருல எடுத்ததையா புள்ளை வாயில வைக்கப் போற?" என்று ட்யூபைத் தூக்கி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டது. சுத்திகரித்த லானோலினைத் துடைக்காமலே பால் கொடுக்கலாம், கம்பளி அலர்ஜி உள்ளவர்கள் மட்டும் தவிர்க்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொன்னால் அது இல்லாமலும் ஆறியிருக்கும். இதற்கென்று செய்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்து 2014இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட தொகுப்பு, எந்தக் களிம்பும் மற்றதைவிட மேல் என்று சொல்ல ஆதாரம் போதாது, தாய்ப்பாலைத் தடவுவதும் ஒன்றும் தடவாமல் விடுவதுமே அதே அளவு பலன் தரலாம் என்கிறது. மரத்துப்போக வைக்கிற களிம்புகளை மட்டும் தொடவே கூடாது, குழந்தையின் வாயும் சேர்ந்து மரத்துவிடும்.

பதினாறாம் நாள் வெடிப்பு மூடிவிட்டது. மகள் சரியாக 3 கிலோ.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முப்பதாம் நாள் பெயர் வைக்கும் விசேஷம். பட்டுப்புடவை, இறுக்கமான பழைய ரவிக்கை, வந்தவர்களைக் கவனித்ததில் இரண்டு வேளைப் பால் தவறிப்போனது. அடுத்தநாள் இடது மார்பில் வெளிப்பக்கம் உள்ளங்கை அகலம் சிவந்து, தொட்டால் நெருப்பு. ராத்திரி நடுக்கத்தோடு 102 டிகிரி காய்ச்சல். பழைய வெடிப்பு இருந்த அதே பக்கம். தோலில் திறப்பு இருந்தால் கிருமிக்கு அதுதான் வாசல், பால் தேங்கினால் அதற்கு வசதி.

அம்மாச்சி சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்து அழுத்தி நீவிவிட வந்தது. கூடவே மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டச் சொன்னது. மல்லிகை விஷயத்தில் அம்மாச்சி சொன்னதில் அறிவியலே இருக்கிறது. பால் வற்றவைக்க மல்லிகைப் பூ மாத்திரைக்கு இணையாக வேலை செய்கிறது என்று 1988இல் மருத்துவர்கள் சோதித்தே எழுதியிருக்கிறார்கள். குழந்தையைப் பறிகொடுத்த தாய்க்கு நம் பாட்டிமார் பூ வைத்துக் கட்டியது அதனால்தான். எனக்கோ பால் வற்றக்கூடாது. அதனால் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

அந்தப் பெண் டாக்டர் ஆன்டிபயாட்டிக்கும் ஐபுப்ரோஃபென் வலி மாத்திரையும் எழுதினார். இரண்டும் பால் கொடுக்கும்போது சாப்பிடக் கூடியவைதான். அந்தப் பக்கமே தொடர்ந்து கொடுக்கச் சொன்னார், பாலில் குழந்தைக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. அழுத்தி நீவக்கூடாது, வீக்கம் உள்ளே கூடும். ஒத்தடம் கொடுப்பதானால் குளிர்ந்த ஒத்தடம். மார்பைக் காலியாக்குகிறேன் என்று அளவுக்கு மீறிப் பீய்ச்சவும் கூடாது, உடம்பு அதற்கும் சேர்த்துச் சுரக்கும். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. விடாமல் கட்டி மாதிரி நின்றால் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், சீழ் கோர்த்திருந்தால் ஊசியால் உறிஞ்சி எடுக்கலாம் என்றார். எனக்கு அதுவரை போகவில்லை.

என் அனுபவத்தை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் 'வாயைச் சரியாக வை' என்று சொல்லவும் முடியாது. என் ஆபீஸ் தோழி ஒருத்தி எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் ஆறு வாரம் புண் ஆறவில்லை. குழந்தை அழும்போது நாக்கு நுனி இதய வடிவில் மடங்கியதை ஒரு டாக்டர் கவனித்தார். நாக்கின் அடியில் இருக்கும் சவ்வு குட்டையாக இருந்து நாக்கைக் கட்டிப்போட்டிருந்தது. அதைச் சின்னதாகக் கத்தரித்து விட்டார்கள், அதே அறையிலேயே குழந்தை பால் குடித்தது. நாக்குக் கட்டு உள்ள எல்லாக் குழந்தைக்கும் வெட்ட வேண்டியதில்லை, பால் குடிக்கத் தடையாக இருந்தால் மட்டும்தான்.

குன்னூரில் இருக்கும் என் சித்தி மகளுக்கு வேறு கதை. பால் கொடுத்து முடித்த பிறகுதான் வலியே தொடங்கும். காம்பு வெளுத்து, நீலமாகி, பிறகு சிவந்து, குத்துகிற வலி. குளிரில் விரல் வெளுக்கிற மாதிரிதான், ரத்தக்குழாய் சுருங்குகிறது. பூஞ்சை என்று நினைத்து ஒரு மாதம் களிம்பு போட்டிருக்கிறாள். குழந்தை வாயை எடுத்த கையோடு காற்றுப் படாமல் மூடி, காய்ந்த சூடு கொடுத்ததில் பெரும்பாலும் சரியானது. ஏசி அறையில் பால் கொடுக்கிறவர்களும் இதைக் கவனிக்கலாம். பூஞ்சையாகவே இருந்தால் காம்பு பளபளப்பாகச் சிவந்து எரியும், குழந்தையின் வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் இருக்கும். அப்போது தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும்.

மஞ்சள் பொருக்கு, சீழ், காய்ச்சல் இருந்தாலோ, பிடிப்பைத் திருத்தி ஒரு வாரமாகியும் ஆறாவிட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள். ஒரே ஒரு காம்பில் மட்டும் செதில் செதிலாக உரிந்து மாதக்கணக்கில் ஆறாமல் இருந்தால், பால் கொடுக்கும் காலம் முடிந்த பிறகானாலும், கட்டாயம் காட்ட வேண்டும். அரிதாக அது புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம்.

26 வாரப் பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்ப சென்னை போனபோது மின்சாரப் பம்ப் வாங்கினேன். மறுபடியும் புண். கூட வந்த புனலின் துவாரம் 24 மி.மீ. ஸ்கேலை வைத்து அளந்தால் என் காம்பு 17. கருவட்டமும் சேர்ந்து குழாய்க்குள் இழுபட்டு உரசிக்கொண்டிருந்தது. சின்ன அளவு வளையம் தனியாகக் கிடைக்கிறது, அதை மாட்டியதும் தீர்ந்தது. வேகத்தைக் கூட்டினால் பால் கூடும் என்று உச்சத்தில் வைத்திருந்ததும் என் முட்டாள்தனம்.

பயணத்தில்தான் பழைய தொல்லை எட்டிப்பார்க்கும். பேருந்தில் முந்தானைக்குள் உத்தேசமாகக் கொடுத்தால் மறுநாள் காம்பு சொல்லிவிடும். 2015 ஆகஸ்டில் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கினால் நான் நேரே அங்கேதான் போவேன். கதவைச் சாத்திவிட்டு, குனிந்து, பார்த்துக் கொடுக்கலாம்.

எட்டாம் மாதம் கீழே இரண்டு பல் வந்தது. ஒரு மத்தியானம் நறுக்கென்று கடித்தாள். நான் போட்ட கூச்சலில் அவள் பயந்து அழ, எனக்கு ரத்தம். உண்மையில் குடித்துக்கொண்டிருக்கும்போது குழந்தையால் கடிக்க முடியாது, நாக்கு கீழ் ஈறுக்கு மேலே நீண்டிருக்கும். பசி அடங்கி விளையாட ஆரம்பிக்கும்போதுதான் கடிக்கும். விழுங்குகிற சத்தம் நின்றதும் சுண்டு விரலை விட்டு எடுத்துவிடுவேன். கடித்துவிட்டால் இழுக்காமல் இன்னும் மார்போடு சேர்த்து அணைத்தால், மூச்சுக்காக வாயைத் திறந்து தானே விடும். ஒரு வாரத்தில் விட்டுவிட்டாள்.

அலமாரிக்கு மேல் போன லானோலின் ட்யூப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கிடைத்தது, முக்கால்வாசி அப்படியே. மார்கழிக் குளிரில் உதடு வெடித்துப்போயிருந்த அம்மாச்சிக்கு நான்தான் தடவிவிட்டேன். எதிலிருந்து எடுத்தது என்று இந்தத் தடவை கேட்கவில்லை.